யூஜினி கலைத்த மௌனம்

மகளின் கட்டிலுக்கடியில் இருந்து யூஜினி ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தை இழுத்தெடுத்ததோடு போன கிழமை விட்டிருந்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சண்டை நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. யாரும் யாரோடும் கதைக்கவில்லை. சோறும் கறியும் மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வந்துகொண்டிருந்தன.

இன்றைக்குத்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேனாட்டும் யூஜினியும் மன்னார் பேசாலையில் இருந்து வந்தவர்கள். ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்றில் இருக்கிறார்கள். மகள் ஜூலிக்குப் பத்தொன்பது வயது, மகன் மரியோவுக்குப் பதினைந்து. அகதி வழக்கு வென்று வருடக்கணக்காகிறது. ஆனாலும் நிரந்தரமாக இருக்கலாம் என்று சொல்கிற 'லாண்டட்' இன்னும் கிடைக்கவில்லை. நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். வெளியே போனால் திரும்பி வரலாமா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

இந்த நிலையில் ஜூலிக்கு ஆமியில் சேரவேண்டும் என்று ஆசை.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி, பிள்ளைகளுக்கு ஆமிப் பயிற்சி கொடுக்கிற கடேற் படைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதில் தொடங்கியது எல்லாம். அங்கே அவள் கையில் ஒரு ட்ரம்பெற்றைக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் சத்தம் எடுக்கவே திணறியபோது இவள் ஒரு வருடத்தில் பாண்டின் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். யூஜினிக்கு அது 'பள்ளிக்கூடத்துச் சங்கீத வகுப்பு' என்றே சொல்லப்பட்டிருந்தது. பாதி உண்மைதானே என்று பேனாட் தன் மனச்சாட்சியைத் தட்டிக்கொடுத்து வைத்திருந்தார்.

பத்தொன்பது வயதானதும் கடேற்றில் இருந்து வெளியே வரவேண்டும் என்பது விதி. அடுத்த படி ஆமியின் பகுதிநேரப் படையான ரிசேர்வ். ஜூலி ஆள் சேர்க்கும் ஒஃபிசுக்குப் போனாள். அங்கே இருந்தவர் அவளுடைய கடேற் பதக்கங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, நீ கனடாப் பிரஜையா என்று கேட்டார். லாண்டட் கூட இல்லை என்று தெரிந்ததும் அவருடைய முகம் வாடிவிட்டது. பேப்பர் வந்ததும் முதல் ஆளாக வா என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு நல்ல மனிதரிடம் கோபிக்கவும் முடியாமல் ஜூலி பஸ்சில் அழுதுகொண்டு வந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட, வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கிற நவரட்ணம் அங்கிள் சும்மா இருப்பாரா? எங்கள் ஆட்களில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு இமிகிரேஷன் நிபுணர் உண்டு. அவர் அமெரிக்க ஆமியைச் சொன்னார். அதற்கு அமெரிக்கக் கிறீன் கார்ட் வேண்டும். பிரான்சில் ஒரு படை இருக்கிறது, பேப்பரே கேட்காது என்றார். விசாரித்ததில் அது ஆம்பிளைகளை மட்டும்தான் எடுக்கும். அப்படியென்றால் ஒரு சிற்றிசன் மாப்பிள்ளையைக் கட்டு என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டார். ஜூலி போனை வைத்துவிட்டாள்.

வழி வந்தது வேறு பக்கத்தால். ரிசேர்வ் படையின் பாண்ட் மாஸ்ரர் ஹட்சன் இவளைக் கடேற் காலத்தில் இருந்தே அறிந்தவர். படையில் சேராமலே பாண்டில் வாசிக்கிற தொண்டர்கள் சிலர் தன்னிடம் இருக்கிறார்கள் என்றார். சம்பளம் இல்லை, பதவி இல்லை, பிரஜாவுரிமை தேவையில்லை. போட்டுக்கொள்ளப் படையின் சீருடைக் கோட்டும் தொப்பியும் தருவார்கள். நவம்பர் பதினொன்று, யுத்தத்தில் இறந்த சிப்பாய்களின் நினைவு நாளில், ஸ்காபரோ நினைவுத் தூணடியில், அவள் தனியாக நின்று அவர்களுக்கான அஞ்சலி இசையான 'லாஸ்ட் போஸ்ற்' ஊதவேண்டும். அது சரியாக வந்தால் பாண்டில் இடம். பேப்பர் வந்த பிறகு உள்ளே போக இதைவிட நல்ல வாசல் இல்லை.

அந்தக் கோட்டோடு சேர்த்துக் கொடுத்த சப்பாத்துத்தான் யூஜினியின் கையில் அகப்பட்டது.

யூஜினி சப்பாத்துக்குப் பயந்தவள் இல்லை. அதைப் போடுகிறவர்களுக்குத்தான் பயந்தாள். ஊரில் அவளுடைய தம்பி அகஸ்ரினைச் சீருடைக்காரர்கள் பஸ்சில் இருந்து இறக்கிக்கொண்டு போனபோது அவள் பக்கத்துச் சீற்றில் இருந்தாள். அவன் திரும்பி வரவில்லை. சவம் இல்லை, கல்லறை இல்லை, ஒரு பூசைகூட ஒழுங்காக ஒப்புக்கொடுக்கவில்லை. ஒப்புக்கொடுத்தால் செத்துப்போனான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அவள் பயந்தாள்.

இனி இந்தக் கிழமைக் கதைக்கு வருவோம்.

நவம்பர் பதினொன்று, திங்கட்கிழமை. விடிந்ததும் ஜூலி குசினி மேசையில் ட்ரம்பெற்றை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோட்டு கதிரையில் தொங்கியது. யூஜினி அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அடுப்பையே பார்த்தபடி ரொட்டி தட்டினாள். ஒரு ரொட்டி கருகியது. யூஜினியின் கையால் ரொட்டி கருகுவது அந்த வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

பேனாட் தொழிற்சாலையில் லீவு போட்டிருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். நீரும் வந்து ஒருக்கால் பாரும், பார்த்துவிட்டுச் சொல்லும், அதன்படி செய்வோம் என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார். மறுப்பாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். யூஜினி ரொட்டித் தட்டை மேசையில் வைத்துவிட்டு மகளுக்கு நேரே நின்றாள்.

"நீ ஊதுறதிலை எனக்கு ஒண்டும் இல்லை. உந்தக் கோட்டுத்தான். நான் வாறன், பாக்கிறன். பாத்தாப் பிறகும் என்ரை நெஞ்சு ஒத்துக்கொள்ளாட்டி அந்த இடத்திலையே கழட்டிக் குடுத்திட்டு என்னோடை வீட்டை வரவேணும். பிறகு ஆமி எண்ட கதையே இஞ்சை எடுக்கக்கூடாது."

ஜூலி தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் ரொட்டியைப் பார்த்தார்.

"சரி அம்மா," என்றாள் ஜூலி.

"சத்தியம் பண்ணு."

"மடுமாதா மேலை சத்தியம்."

மடுமாதாவின் பேரில் சொன்ன சத்தியத்தை மீற அந்தக் குடும்பத்தில் யாருக்கும் துணிவில்லை. அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மரியோ, அக்காவின் கதை இன்றோடு முடிந்தது என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலி வெள்ளனவே போய்விட்டாள். மற்ற மூவரும் பஸ்சில் போய் இறங்கியபோது, தூண் நிற்கிற கிங்ஸ்ரன் றோட்டில் சனம் கூடியிருந்தது. எல்லோருடைய நெஞ்சிலும், செத்த சிப்பாய்களின் நினைவாகக் குத்துகிற சிவப்புப் பொப்பிப் பூ. ஒரு கிழவர் தட்டை நீட்ட, பேனாட் மூன்று பூ வாங்கினார். மரியோ குத்திக்கொண்டான். யூஜினி தன்னுடையதைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

குளிர் காதைக் கடித்தது. படை அணிவகுத்து வந்து நின்றபோது அத்தனை சப்பாத்துகளும் ஒன்றாகத் தரையில் விழுந்த சத்தத்தில் யூஜினி பேனாட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். கனடாவுக்கு வந்த நாளில் இருந்து அவர் அகதிப் பேப்பரின் கொப்பியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். கை தன்பாட்டில் போய் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.

"போவமே?" என்று கேட்டார்.

"வந்தாச்சு. நிப்பம்," என்றாள் யூஜினி.

பாதிரியார் ஒருவர் ஏதோ வாசித்தார். மலர் வளையங்கள் வைத்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வயதான பெண்ணை ஒரு சிப்பாய் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வளையம் வைக்கப் பண்ணினான். அவருடைய நெஞ்சில் ஊதா நாடாவில் ஒரு சின்ன வெள்ளிச் சிலுவை தொங்கியது. சிலுவையைக் கண்டதும் யூஜினிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எங்கள் வேதக்காரி ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நினைத்தாள். யுத்தத்தில் இறந்தவர்களின் தாய்க்கும் மனைவிக்கும் அரசாங்கம் கொடுக்கிற பதக்கம் அது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

பிறகு ஜூலி தனியாக முன்னே வந்தாள்.

கோட்டு அவளுக்குப் பெரிது. கை நீண்டு விரல் நுனிவரை மூடியிருந்தது. ட்ரம்பெற்றைத் தூக்கியபோது கைத்துணி மடிந்து விழுந்து, அவள் அதை ஒருதரம் உதறி மேலே தள்ளினாள். தையல் தொழிற்சாலையில் கோட்டுக் கை வைக்கிற யூஜினியின் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். யாரோ ஒரு தடிமாட்டின் அளவுக்குத் தைத்ததைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது.

ஜூலி ஊதினாள்.

அந்தக் குளிரில் பித்தளை உதட்டைப் பிய்த்துவிடும். அவள் வாய்வைக்கிற துண்டைக் கழற்றிக் காலையில் இருந்து உள்ளங்கையில் பொத்திவைத்துச் சூடாக்கியிருந்தாள். முதல் சுரம் சுத்தமாக வந்தது. அடுத்தது மேலே போனது. தெருவில் கார்கள் நின்றுவிட்டன. பேனாட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளையை ஒரு ஒஃபிஸ் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினார்களே என்று நினைக்க அவருக்குப் பெருமையும் கோபமும் சேர்ந்து வந்தன. கடைசிச் சுரம் நீண்டு நின்று அடங்கியது.

சனம் தலை குனிந்தது. இரண்டு நிமிட மௌனம்.

இந்த இடத்தில்தான் பேசாலை குறுக்கே வந்தது.

பேசாலையில் சவ ஊர்வலம் பாண்டோடுதான் போகும். சேமக்காலையில் குழியடிக்குப் போனதும் பாண்ட் நிற்கும். பாண்ட் நின்ற அடுத்த கணம் முன்னுக்கு நிற்கிற மூத்தவர்களில் ஒருவர் நித்திய இளைப்பாற்றிக்கான செபத்தைத் தொடங்குவார், மற்றவர்கள் மறுமொழி சொல்லுவார்கள். பிறந்த நாளில் இருந்து யூஜினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாண்ட் நின்றால் செபம் தொடங்கவேண்டும். தொடங்காமல் நிற்பது செத்தவர்களை நடுவழியில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

அவள் காத்திருந்தாள். யாரும் தொடங்கவில்லை. பாதிரியாரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சிலுவை போட்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்தாள். அவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை சனத்துக்குள் ஒரு செபம் தொடங்க ஆள் இல்லையா என்று அவளுக்கு மனம் பொறுக்கவில்லை.

யூஜினி தொடங்கிவிட்டாள். தமிழில், சேமக்காலையில் சொல்கிற அதே குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கத்தக்கதாக.

முன்வரிசையில் தொப்பிகள் திரும்பின. மரியோ தாயின் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, ப்ளீஸ். கதைக்கக்கூடாது."

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அவள் முதல் வரியை முடித்ததும் பேனாட் கணீர் என்று மறுமொழி சொல்லிவிட்டார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. நாற்பது வருடப் பழக்கம் அவருடைய வாயைக் கேட்காமலே திறந்துவிட்டது. மரியோ நிலம் பிளக்காதா என்று பார்த்தான்.

இரண்டாம் தரம் சொன்னபோது யூஜினியின் குரல் இறங்கியது. மூன்றாம் தரத்துக்குச் செத்தவர்களின் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அவள் தூணைப் பார்த்தாள். அதில் இருந்த பெயர்கள் எதுவும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருடம் எந்தக் கோயிலிலும் எந்தக் குருவானவரிடமும் கொடுக்க மறுத்த பெயர்.

அகஸ்ரின் என்று சொன்னாள்.

தூணடியில் நின்ற ஜூலிக்கு எல்லாம் கேட்டது. தாயின் குரல் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. மாமாவின் பெயரைச் செபத்தில் கேட்டபோது அவளுடைய கீழுதடு நடுங்கத் தொடங்கியது. ட்ரம்பெற் ஊதுகிறவர்களுக்கு உதடு நடுங்கினால் கதை முடிந்தது. மௌனம் முடிகிற அடையாளத்தைப் படைத்தலைவர் காட்டியதும் அவள் எழுச்சிச் சுரத்தை ஊதியாக வேண்டும். அதுவும் 'லாஸ்ட் போஸ்ற்' மாதிரி மெல்லத் தொடங்குவதில்லை. எடுத்த எடுப்பில் மேலே பாயவேண்டும்.

அடையாளம் வந்தது.

ஜூலி உதட்டைப் பல்லால் ஒருதரம் அழுத்தினாள். நீளக் கையை உதறினாள். மூச்சை இழுத்தாள்.

சுரம் தூணுக்கு மேலே போய் றோட்டைத் தாண்டிக் கேட்டது. ஒரு பிசிறு இல்லை. அழுகிற தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். குனிந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. பேனாட் தன்னை மறந்து கை தட்டப் போய், மரியோ அதையாவது பிடித்து நிறுத்தினான்.

அணிவகுப்புக் கலைந்ததும் பாண்ட் மாஸ்ரர் ஹட்சன் இவர்களை நோக்கி வருவதைக் கண்டார்கள். அவருக்கு முன்னால், தடியை ஊன்றிக்கொண்டு, வெள்ளிச் சிலுவை போட்ட அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். பேனாட்டின் கை மறுபடியும் சட்டைப்பைக்குப் போனது. நாங்கள் பிழை விட்டுவிட்டோம், பிள்ளையின் இடம் போகப்போகிறது என்று யூஜினியிடம் சொன்னார். யூஜினிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. இவர்கள் வேண்டுமென்றே பேசாமல் நின்றிருக்கிறார்கள். பிள்ளையைத் தடுக்க வந்தவள்தான் அவள். ஆனால் இந்த மாதிரி, தன் வாயால் கெடுத்துத் தடுக்க அவள் நினைக்கவில்லை.

அந்த அம்மாவின் பெயர் மிஸஸ் பெல். அவர் யூஜினிக்கு முன்னால் வந்து நின்று, நீ என்ன சொன்னாய் என்று இங்கிலிஷில் கேட்டார். மரியோ விழுங்கி விழுங்கி விளங்கப்படுத்தினான். செத்தவர்களுக்கான செபம், எங்கள் ஊரில் பாண்ட் நின்றதும் சொல்வது, அம்மாவுக்கு இங்கத்தைய முறை தெரியாது, மன்னிக்கவேண்டும். கடைசியில் சொன்ன பெயர் யாருடையது என்று கேட்டார். அம்மாவின் தம்பி என்றான். அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதையும் சொன்னான்.

மிஸஸ் பெல் நீளமாக ஏதோ சொல்லி யூஜினியின் கையைப் பிடித்துக்கொண்டார். யூஜினி மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா சொல்லுறா? ஏசுறாவோ?"

"இல்லை அம்மா. அவவின்ரை ஹஸ்பன்ட் நாப்பத்திநாலிலை இத்தாலியிலை செத்தவராம். அவவுக்கும் புதைச்ச இடம் தெரியாதாம். ஒவ்வொரு வருசமும் இந்த ரெண்டு நிமிசத்திலை வாயைத் திறந்து அவரின்ரை பேரைச் சொல்லவேணும் போலை இருக்குமாம். ஒருநாளும் சொல்ல ஏலாமல் போச்சாம். இண்டைக்கு நீங்கள் தொடங்கினவுடனை தானும் மெல்லமாச் சொல்லிப்போட்டனெண்டு சொல்லுறா."

யூஜினி அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்து அழுகை. மிஸஸ் பெல்லும் அழுதார். கைப்பைக்குள் மூடிக்கிடந்த பொப்பிப் பூவை யூஜினி தேடி எடுக்க, மிஸஸ் பெல் தன் கையாலேயே அதை அவளுடைய நெஞ்சில் குத்திவிட்டார்.

பின்னால் நின்ற ஹட்சன் முன்னே வந்தார். என் பாண்டில் எத்தனையோ பேர் அமைதிக்குள் நின்று ஊதப் பழகியிருக்கிறார்கள், பெற்ற தாயின் செபத்துக்குள் நின்று ஊதி ஒரு சுரமும் தவறாமல் முடித்தவளை இன்றுதான் கண்டேன் என்றார். அடுத்த புதன்கிழமைப் பயிற்சிக்கு அவள் வரவேண்டும், முதல் ட்ரம்பெற்றில் இடம் இருக்கிறது என்றார். பேனாட் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அவருடைய தொப்பி சரிந்தது. டிசம்பரில் எல்லை தாண்டிப் பவலோவில் ஒரு நத்தார் அணிவகுப்பு இருக்கிறது, இந்தப் பெண் வந்தால் அமெரிக்கர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

எல்லை என்ற சொல்லோடு பேனாட்டின் சிரிப்பு நின்றது. லாண்டட் இல்லாமல் எல்லையில் இருக்கிற பாலத்தைத் தாண்டினால் திரும்பி உள்ளே விடுவார்களா? ஹட்சனுக்கு அது பஸ்சில் இரண்டு மணி நேரப் பயணம். இவர்களுக்கு அது ஒரு வாழ்க்கை.

அப்போதுதான் ஜூலி வந்தாள். அவள் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டிருந்தாள். மெல்லிய சட்டையோடு அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டு தாய்க்கு முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நேராக இருந்தது.

"அம்மா, சத்தியம் பண்ணினனான். நீங்கள் சொல்லுங்கோ. குடுக்கச் சொன்னால் இப்பவே குடுத்திட்டு வாறன்."

யூஜினி கோட்டை வாங்கினாள். பாரமாக இருந்தது. உள்ளே புரட்டித் தையலைப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்து, இரண்டு விரலால் ஓரத்தை மடித்து, மகளின் மணிக்கட்டில் வைத்து அளந்து பார்த்தாள்.

"பவலோவுக்கு எப்ப?" என்று கேட்டாள்.

"டிசம்பரிலையாம். ஆனா அம்மா, பேப்பர் இல்லாமல்..."

"அதை டிசம்பரிலை பாப்பம்," என்றாள் யூஜினி. கோட்டை உதறி விரித்து மகளின் தோளில் போட்டு, கழுத்துவரை தெறியைப் பூட்டினாள். "கை ரெண்டும் நீளம். இதோடை என்னெண்டடி ஊதினனீ? வீட்டை வா, இண்டைக்கே மடிச்சுத் தைச்சுத் தாறன்."